செத்த எலியே போதும்

பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ பாம்பு வளர்ப்பவர் வீட்டு ஃப்ரீசரைத் திறந்தால், ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு பொட்டலம் கிடக்கக்கூடும். உள்ளே விறைத்துப்போன வெள்ளெலிகள். முடி முளைக்காத, கண் திறக்காத குட்டிக்கு ‘பிங்கி’ என்று பெயர். பூனைமயிர் அரும்பிவிட்டால் ‘ஃபஸ்ஸி’, துள்ளத் தொடங்கினால் ‘ஹாப்பர்’. பனியன் வாங்குவதுபோல் அளவு சொல்லி வாங்குகிறார்கள். பாம்பின் உடல் எங்கே அதிகம் பருத்திருக்கிறதோ அந்தப் பருமனுக்கு ஒத்த எலி, அல்லது கொஞ்சம் கூடுதலாக, ஒன்றரை மடங்குக்குள். இதுதான் கணக்கு.

இன்னொரு சாரார் உயிரோடு எலியை வாங்கிவந்து கண்ணாடித் தொட்டிக்குள் இறக்கிவிடுகிறார்கள். காட்டில் பாம்பு செத்ததைத் தேடியா தின்கிறது என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்டில் எலிக்கு ஓட இடமுண்டு. பசியில்லாத பாம்புக்கும் விலகிப்போக வழியுண்டு. நாலடித் தொட்டியில் இரண்டுக்குமே போக்கிடம் கிடையாது.

செல்லப்பிராணியாக அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று பால் பைத்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. மிரண்டால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பசி எடுக்காவிட்டால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இரையைத் தொடாது. அந்த நேரத்தில் தொட்டிக்குள் ஓர் எலியை விட்டுவிட்டு வீட்டார் தூங்கப் போனால் என்ன ஆகும்? எலிக்கும் பசிக்கும். பாம்பு எதிர்க்காமல் சுருண்டு கிடக்கும். எலி கொறிக்கத் தொடங்கும். முதுகுத்தோல் கரம்பப்பட்டு எலும்பு வெளியே தெரியும் நிலையில் கொண்டுவரப்படும் பாம்புகளை ஊர்வன மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். கண் பறிபோனவையும் உண்டு. பசித்த பாம்பு பாய்ந்து பிடித்தாலும், சுற்றி இறுக்கும் அந்தச் சில நொடிகளில் எலி திரும்பிக் கடித்துவிடலாம்.

உயிருள்ள எலி பாம்பின் தேவையே அல்ல. பார்த்துக்கொண்டிருப்பவரின் ஆசை அது. பிரிட்டனில் உயிரிரை கொடுப்பதைப் பெயர் சொல்லித் தடைசெய்யும் சட்டம் இல்லாவிட்டாலும், 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் தேவையற்ற வதையைக் குற்றமாக்குகிறது. எலியும் அதன் பாதுகாப்புக்குள் வரும் விலங்குதான் என்பது, பாம்பு எலியைப் பிடிப்பதை வீடியோ எடுப்பவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை.

செத்த எலியைக் கொடுப்பதிலும் பக்குவம் வேண்டும். முதல்நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். மறுநாள் பிளாஸ்டிக் உறையோடு வெதுவெதுப்பான நீரில் போட்டால் உயிருள்ள எலியின் சூடு வந்துவிடும். நீர் கொதித்தால் வயிறு வெடிக்கும். மைக்ரோவேவ் கூடவே கூடாது: ஓரிடம் வெந்து ஓரிடம் உறைந்தே நிற்கும். பால் பைத்தானின் உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் உள்ளன. அதனால் சில்லிட்டுக் கிடக்கும் எலியை அது இரையாகவே மதிக்காமல் போகலாம். நீளமான இடுக்கியால் பிடித்து லேசாக ஆட்டினால் பாயும். கையால் நீட்டினால் எலியின் வாசனையும் மனிதச் சூடும் ஒன்றாகிவிடும், கடி விரலுக்குத்தான். விழுங்கிய பிறகு இரண்டு நாள் தூக்கிக் கொஞ்சக் கூடாது, கக்கிவிடும். தொட்டி போதிய சூடாக இல்லாவிட்டாலும் செரிக்காது.

பிடிவாதக்காரப் பாம்புகள் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. உயிரிரைக்கே பழகிய ஒன்றை மாற்ற மாதங்கள்கூட ஆகலாம். அதற்குப் பொறுமை இல்லாதவர் பாம்பு வளர்க்காமல் இருப்பது நல்லது.

உறைந்த எலி பாம்புக்குப் பாதுகாப்பு என்றால், வீட்டாருக்கு? கதை இங்கேதான் திரும்புகிறது. குளிர் சால்மொனெல்லா கிருமியைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான உறைந்த எலிகளால் 2008 முதல் இரண்டே ஆண்டுகளில் பிரிட்டனில் 400க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 2014இல் அமெரிக்காவில் 18 மாநிலங்களில் 37 பேர். மறுபடி 2015இல் தொடங்கி பிரிட்டனில் சில ஆண்டுகளுக்குள் 800 பேருக்கு மேல். பாம்பைத் தொடாத குழந்தைகளும் படுக்கிறார்கள். எலியை உருகவைத்த பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவினால் போதுமே. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இந்த எலிகளையும் ஊர்வனவற்றையும் தொடவே கூடாது என்கிறது அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம். எலியை உருகவைப்பது சமையலறைக்கு வெளியே, தனிப் பாத்திரத்தில்; வைப்பது, முடிந்தால் தனி ஃப்ரீசரில். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவல்.

கைகழுவச் சொல்லிவிட்டால் எல்லாப் பொறுப்பும் வாங்கியவர் தலையில் விழுந்துவிடுகிறது. விற்பவர் தலையில் எதுவும் இல்லை. 2015இல் தொடங்கிய பரவலுக்கு பிரிட்டன் 2022 பிப்ரவரியில்தான் விழித்துக்கொண்டு, லிதுவேனியாவிலிருந்து வரும் தீனி எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்துக் கிருமி நீக்கியிருக்க வேண்டும் என்றது. ஏழாண்டு தாமதம். எந்த நாட்டிலிருந்து வந்தாலும், எந்த நாட்டில் விற்றாலும் இதே விதி இருக்க வேண்டும்.

நம்மூருக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. நாகம், சாரை, மலைப்பாம்பு போன்றவற்றை வீட்டில் வைப்பது 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் பால் பைத்தான்கள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. பிடிபடாமல் போனவை எங்கோ தொட்டிகளில் எலிக்குக் காத்திருக்கும். சட்டப்படி வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் பதிவுசெய்ய 2024இல் விதிகள் வந்தன. ஆனால் தீனியாக இங்கே சுலபமாகக் கிடைப்பது பொறியில் விழுந்த வீட்டெலி. விஷக் கேக்கைத் தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாள் நடமாடும். அதற்குள் பொறியில் சிக்கினால் வயிற்றில் விஷத்தோடுதான் சிக்கும். அதன் சிறுநீர் பட்ட கையில் சிறு கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். பதிவு எண்ணைக் கொடுக்கும்போதே, தீனி பற்றித் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து வனத்துறை கையில் கொடுத்தனுப்பலாம்.