ஆயிரம் பாட்டில் எங்கே இருக்கிறது?

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. உயிரிழந்த 35-க்கும் மேற்பட்டோரில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர், புகையைக் கண்டு உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அந்த வெள்ளந்தி மனசுக்கு நாம் என்ன பயிற்சி கொடுத்திருந்தோம்?

இழப்பீட்டுத் தொகையை அன்றைக்கே அறிவிக்கிறோம். சிகிச்சைக் கணக்கை யாரும் போட்டு வைப்பதில்லை. உடலில் 40 சதவீதம் வெந்துபோன 60 கிலோ ஆளுக்கு முதல் 24 மணி நேரத்தில் சுமார் 9.6 லிட்டர் ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப் திரவத்தை ஏற்ற வேண்டும். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நிமிடத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அல்ல. அப்படி 50 பேர் வந்தால் அரை லிட்டர் பாட்டில்கள் ஏறக்குறைய ஆயிரம் தேவை. ஆம்புலன்சிலேயே டிரிப் ஏற்றத் தெரிந்த கைகளும் தேவை.

யாரை உள்ளூரில் வைத்துக்கொள்வது, யாரை உடனே மதுரைக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும் மருத்துவர் யார்? தீபாவளி உற்பத்தி சூடுபிடிக்கும் முன்பே, ஆண்டுதோறும் மாவட்ட நிர்வாகம் அவர் பெயரை அறிவித்து ஒத்திகை நடத்த வேண்டும்.