ஆயுள் உத்தரவாதம் – யாருடைய ஆயுள்?

பச்சைமலையில் மரவள்ளி கிழங்கு பிடிக்கத் தொடங்கிவிட்டால் கொல்லைக்காரருக்கு இரவு உறக்கம் போய்விடும். காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவு இறங்கினால் போதும், பத்து மாதப் பாடு மண்ணோடு மண்ணாகக் கிளறப்பட்டுக் கிடக்கும். பரண் கட்டி, தகரம் தட்டி, டார்ச் லைட் அடித்து, விடியும் வரை விழித்திருப்பதுதான் டாப் செங்காட்டுப்பட்டி முதல் வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை வரை மலைவாழ் விவசாயிகளின் நெடுநாள் வழக்கம்.

வலையும் ஈட்டியும் வேட்டை நாயும் கொண்டு பன்றியை மடக்கிய காலம் ஒன்று இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது முடிந்த கதை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படியும், காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறையினர்தாம் செய்ய வேண்டும். காட்டை ஒட்டியே கொல்லை வைத்திருக்கும் பச்சைமலைக்காரருக்கு இதனால் கிடைக்கும் உதவி குறைவு. எனவே வேட்டைக் கருவி போய்க் காவல் கருவி வந்துவிட்டது. சார்ஜ் டார்ச், தலைவிளக்கு, ஒலிபெருக்கி, சூரிய மின்வேலி என்று கடைகளில் அவை குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பலவற்றின் அட்டைப்பெட்டி மேல் 'ஆயுள் உத்தரவாதம்' என்ற இரண்டு சொற்கள் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கின்றன.

இந்த இரண்டு சொற்களை நம்பிச் சிறு விவசாயி கூடுதல் விலை கொடுக்கலாமா என்பதே கேள்வி.

முதலில் கேட்க வேண்டியது, யாருடைய ஆயுள் என்பது. வாங்கியவர் ஆயுளா? கருவியின் ஆயுளா? விற்ற கம்பெனியின் ஆயுளா? வாங்கியவர் ஆயுள் என்றால் பெரிய வாக்குறுதி. கம்பெனியின் ஆயுள் என்றால், கம்பெனி மூடிய அன்றே உத்தரவாதமும் மூடிவிடும். கருவியின் ஆயுள் என்றால் அது வாக்குறுதியே அன்று. 'கெட்டுப்போகும் வரை கெடாது' என்று சொல்வதற்குச் சமம். இந்தக் குழப்பம் நம் நாட்டில் மட்டும் உள்ளதன்று. அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையம் 1985இல் வெளியிட்ட விளம்பர நெறிமுறையில், ஆயுள் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்பவர் எந்த ஆயுளைக் குறிக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கூறியிருக்கிறது.

அந்த நாட்டிலேயே நமக்குப் பாடமாக அமைந்த ஒரு வரலாறும் உண்டு. மெய்ன் மாநிலத்தில் ஃப்ரீபோர்ட் என்னும் ஊரில் லியோன் லியோன்வுட் பீன் என்பவர் 1912இல் வேட்டைக்காரர்களுக்கான காலணி செய்து விற்றார். அடிப்பாகம் ரப்பர், மேற்பாகம் தோல். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்று வாக்குக் கொடுத்திருந்தார். முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 தையல் விட்டுத் திரும்பி வந்தன. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடன் வாங்கிக் குறையைச் சரிசெய்து மீண்டும் விற்றார். அந்த நேர்மையின் பேரில்தான் அவருடைய கம்பெனி நாடறிந்த கம்பெனியாக வளர்ந்தது. எத்தனை ஆண்டு கழித்துக் கொண்டுவந்தாலும் மாற்றிக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2018 பிப்ரவரியில் அதுவும் நின்றது. பழைய சாமான் விற்கும் இடங்களில் பொறுக்கி வாங்கியதையெல்லாம் சிலர் கொண்டுவந்து புதிது கேட்டார்கள்; ஐந்து ஆண்டில் 25 கோடி டாலர் நஷ்டம் என்று கம்பெனி அறிவித்தது. இப்போது ரசீதுடன் ஓராண்டு என்பதே பொது விதி.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, உத்தரவாதத்தின் மதிப்பு அட்டையில் இல்லை, கொடுப்பவர் குணத்தில் இருக்கிறது. இரண்டு, நல்ல மனதுடன் கொடுத்த ஆயுள் வாக்குறுதியும் ஒருநாள் நின்றுபோகலாம். நூறு ஆண்டு நின்ற கம்பெனிக்கே இந்த நிலை என்றால், நேற்று முளைத்து நாளை பெயர் மாற்றிக்கொள்ளும் கம்பெனியின் ஆயுள் உத்தரவாதத்தை எவ்வளவு நம்பலாம்?

நம் ஊரில் இதற்கு வேறோர் உதாரணமும் உண்டு. கொல்லர் பட்டறையில் அடித்து வாங்கிய அரிவாளுக்கு எந்த அட்டையும் கிடையாது. ஆனால் முனை மழுங்கினால் தோய்த்துக் கொடுப்பார், பிடி கழன்றால் மாட்டிக் கொடுப்பார். காரணம், அவர் அதே ஊரில் இருக்கிறார். நாளைக்கும் அதே முகத்தில் விழிக்க வேண்டும். உண்மையான ஆயுள் உத்தரவாதம் அதுதான்.

ஆகவே மலை விவசாயிக்குத் தூரமும் ஒரு கணக்கு. ஒரு டார்ச் லைட் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது கெட்டு, துறையூர் கடையில் வாங்க மறுத்து, 'கம்பெனிக்கு அனுப்புங்கள்' என்கிறார்கள். இறங்கி ஏற இரண்டு நாள் கூலி ஆயிரம் ரூபாய், கூரியர் 150 ரூபாய் என்றால், 900 ரூபாய்ப் பொருளைக் காப்பாற்ற 1,150 ரூபாய் செலவு. பரணில் இருட்டில் கழிந்த இரவுகளும் பன்றி தின்ற கிழங்கும் இந்தக் கணக்கில் சேரவில்லை. துறையூரிலேயே மாற்றிக் கொடுக்கும் ஓராண்டு உத்தரவாதம், தொலைதூர நகரத்துக்கு அனுப்பச் சொல்லும் ஆயுள் உத்தரவாதத்தைவிட மேலானது. வாங்கும்போது 'எத்தனை ஆண்டு' என்று கேட்பதற்கு முன் 'எந்த ஊரில்' என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

அடுத்து, எந்தப் பாகத்துக்கு உத்தரவாதம் என்று பார்க்க வேண்டும். சூரிய மின்வேலியில் பலகை, பாட்டரி, மின்துடிப்பு தரும் எனர்ஜைசர், கம்பி, இன்சுலேட்டர் எல்லாம் சேர்ந்துதான் வேலி. நல்ல சூரியப் பலகைகளுக்குப் பெரும்பாலும் 25 ஆண்டு உற்பத்தித்திறன் உத்தரவாதம் தருகிறார்கள். 25ஆம் ஆண்டில் 80 விழுக்காடு மின்சாரம் தர வேண்டும் என்பது போல அளவும் குறித்திருப்பார்கள். அளந்து பார்க்கக்கூடிய வாக்குறுதி அது. ஆனால் முதலில் சாவது பலகை அன்று, பாட்டரிதான். பலகைக்கு 25 ஆண்டு, பாட்டரிக்கு ஓராண்டு என்றால், வேலிக்கு உத்தரவாதம் ஓராண்டு என்றே கொள்ள வேண்டும்.

உத்தரவாதத்தைச் சோதிப்பது என்றால் கருவியை உடைத்துப் பார்ப்பதன்று. அட்டையில் சொன்னதைச் சொன்னபடி செய்கிறதா என்று, மாற்றித்தர வேண்டிய நாளுக்குள் பார்ப்பதே சோதனை.

டார்ச் லைட்டை முழு சார்ஜ் ஏற்றி, இருட்டில் கொல்லையின் மறு ஓரத்தில் ஒரு சாக்கை நட்டு, எத்தனை மணி நேரம் அது கண்ணுக்குத் தெரிகிறது என்று குறித்து வைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்தால் பாட்டரி தேய்வது தெரிந்துவிடும். மழைக்குத் தாங்கும் என்று சொன்னால், ஐ.பி. என்ற எழுத்துக்குப் பின் உள்ள இரண்டாவது எண்ணைப் பார்க்கலாம். 4 என்றால் தெறிக்கும் நீருக்கு மட்டும் தாங்கும்; 7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும். எண்ணே இல்லாமல் 'வாட்டர் புரூஃப்' என்று மட்டும் இருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

மின்வேலியில், வேலி தொடங்கும் இடத்திலும் கடைசி முனையிலும் அதற்குரிய வோல்ட் மீட்டரால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். 12 வோல்ட் பாட்டரி, சுமை இல்லாமல் ஓய்வில் 12.7 வோல்ட் அருகே இருந்தால் முழு சார்ஜ், 12.2 அருகே என்றால் ஏறக்குறையப் பாதி. ஒவ்வொரு விடியற்காலையும் 12க்குக் கீழே இறங்கினால் அந்தப் பாட்டரி நெடுநாள் உழைக்காது. விற்றவரை அப்போதே அழைக்க வேண்டும். எனர்ஜைசரில் ஐ.எஸ். 302-2-76 என்ற இந்தியத் தர எண் இருப்பதும் அவசியம். 2023இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகள் இதைக் கோருகின்றன. வேலியைப் பதிவு செய்வதும், காப்புக்காடு அருகே புதிய வேலிக்கு மாவட்ட வன அலுவலரின் அனுமதி பெறுவதும் அந்த விதிகளில் அடங்கும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமமான குற்றம்; பன்றியோடு மனிதரும் மாடும் மடிவதுதான் அதன் முடிவு.

விவசாயியின் பொறுப்பையும் மறுப்பதற்கில்லை. கம்பியைப் புல் தொட்டுக்கொண்டிருந்தால் மின்துடிப்பு மண்ணில் இறங்கிவிடும். எர்த் கம்பி நட்ட இடம் காய்ந்து கிடந்தால் வேலி வேலை செய்யாது. இவை தயாரிப்புக் குறை ஆகா. இவற்றைக் கம்பெனி மேல் போட்டால், உண்மையான குறையைச் சொல்லும்போதும் காது கொடுக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. தக்க சோதனை செய்யாமல் ஒரு பொருளின் ஆயுட்காலத்துக்கு உத்தரவாதம் கொடுப்பதே நேர்மையற்ற வணிகம் என்கிறது அச்சட்டம். நிறைவேற்ற வழியில்லாத உத்தரவாதமும், பில் தர மறுப்பதும், பில்லில் குறித்த நாளுக்குள், நாள் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அவ்வகையே. 2022இல் வந்த விளம்பர நெறிமுறைகள், பெரிய எழுத்தில் சொன்னதைச் சிறிய எழுத்தில் மறுக்கக்கூடாது என்கின்றன. இனி 'சோதனை செய்துதான் ஆயுள் என்று போட்டீர்களா, சான்று எங்கே?' என்று கடைக்காரரைக் கேட்க விவசாயிக்கு உரிமை உண்டு.

'விவசாயி வியாபாரத்துக்கு வாங்கினார், அவர் நுகர்வோர் அல்லர்' என்ற வாதமும் எடுபடாது. பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. விதை வழக்கு ஒன்றில் 2012இல் உச்ச நீதிமன்றமும் விவசாயி நுகர்வோரே என்று தீர்ப்பளித்திருக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், தகராறு எழுந்த 2 ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் விவசாயி வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பில், அட்டை, சோதித்து எழுதிய நோட்டு ஆகிய மூன்றும் கையில் இருந்தால் போதும். வெயிலில் வெளிறும் பில்லை வாங்கிய அன்றே நகல் எடுத்து வைப்பது நலம்.

குறை விவசாயியிடத்தும் வியாபாரியிடத்தும் மட்டும் இல்லை. விரிவாக்கப் பணியாளரிடத்தும் உண்டு. ஒரு நெல் ரகம் வெளிவருவதற்கு முன் ஆராய்ச்சி நிலையத்திலும், பல இடங்களிலும், பின்னர் விவசாயிகளின் வயலிலும் பல பருவங்கள் சோதிக்கப்படுகிறது. விசைக் கலப்பையைச் சோதிக்க அனந்தபுரம் மாவட்டம் கார்லதின்னெயில் மத்திய அரசு நிலையம் இருக்கிறது. மலையில் இரவெல்லாம் பிடிக்கும் டார்ச் லைட்டுக்கும் வேலிக்கும் செயல்விளக்கம் முதல் நாளோடு முடிந்துவிடுகிறது. புதுக் கருவி முதல் நாள் எரிவது வியப்பில்லை. மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில் எரிகிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. செயல்விளக்கம் நடந்த கொல்லைக்கே ஆண்டுதோறும் திரும்பிப் போய், எது உழைத்தது, எது படுத்தது, எந்தக் கடை மாற்றிக் கொடுத்தது என்று எழுதி ஊர்க்கூட்டத்தில் படித்தால், அதைவிட நல்ல உத்தரவாத அட்டை வேறில்லை.

அது நடக்கும் வரை விவசாயிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் முதலில் ஒன்றை வாங்கி ஒரு பருவம் சோதிக்கலாம். தேறினால் மற்ற ஒன்பதையும் வாங்கும்போது, 'இத்தனை மாதம், இந்தப் பாகத்துக்கு, துறையூர் கடையிலேயே, இத்தனை நாளுக்குள் மாற்றித் தருவோம்' என்று பில்லின் பின்னால் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். பத்துப் பேர் வியாபாரத்தை எந்தக் கடைக்காரரும் எளிதில் விட மாட்டார்.

ஆயுள் என்ற சொல் அளவில்லாதது. அளவில்லாததைக் கேட்டு வாங்கவும் முடியாது. நாளும் இடமும் பாகமும் குறித்த ஒரு வரி, ஆயுள் என்று அச்சடித்த அட்டையைவிட உறுதியானது. பரணில் விழித்திருப்பவருக்குத் தேவை, இந்த ஐப்பசியில் அணையாத விளக்கு.