டாக்டரிடம் கேளுங்கள்: நரம்பைச் சுடும் சிகிச்சை... முதுகுவலி நிரந்தரமாகப் போய்விடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. மூன்று வருடங்களாகக் கீழ்முதுகில் வலி. மாத்திரை, தைலம், பிசியோதெரபி எல்லாம் பார்த்துவிட்டோம். 'ரேடியோஃப்ரீக்வென்சி சிகிச்சையில் நரம்பைச் சுட்டுவிட்டால் வலி போய்விடும், ஆபரேஷன் தேவையில்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்' என்கிறார்கள். செலவுக்கு வளையல்களை அடகு வைக்கவும் அம்மா தயார். செய்யலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வளையல்களைக் கழற்றும் முன், அம்மாவின் வலி எங்கிருந்து வருகிறது என்பது தெரிய வேண்டும். இந்தச் சிகிச்சை எல்லா முதுகுவலிக்குமானது அல்ல.

முதுகெலும்பின் பின்பக்கம் ஜோடி ஜோடியாகச் சின்ன மூட்டுகள் உள்ளன. இவை ஃபேசட் மூட்டுகள். வயதாக ஆக இவை தேயும்போது வலி வரலாம். அந்த வலியை மூளைக்குக் கொண்டு செல்லும் மெல்லிய நரம்புக் கிளையின் அருகே, எக்ஸ்ரே உதவியுடன் ஊசியைச் செலுத்தி, அதன் முனையைச் சுமார் 80 டிகிரி செல்சியஸுக்கு, ஒன்றிரண்டு நிமிடங்கள் சூடாக்குவார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டே செய்யலாம். நரம்பு செயலிழப்பதால் வலிச் செய்தி போகாது. ஆனால், மூட்டின் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். நரம்பும் மெள்ள மறுபடி வளர்ந்துவிடும். பலன் கிடைப்பவர்களுக்குக்கூடப் பெரும்பாலும் 6 மாதங்கள் முதல் ஒரு வருடம் வரைதான். எனவே, 'நிரந்தரத் தீர்வு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டிஸ்க் விலகி, காலுக்கு மின்சாரம் பாய்வதுபோல வலி இறங்கினால், அதற்கு இது தீர்வல்ல. எம்.ஆர்.ஐ-யில் தேய்மானம் தெரிவதாலேயே இதைச் செய்துவிடவும் கூடாது. வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் தேய்மானம் தெரிவதுண்டு.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? அதே நரம்பின் அருகே மரத்துப்போகும் மருந்தை மட்டும் செலுத்திப் பார்ப்பார்கள். அந்தச் சில மணி நேரத்தில் வலி பெருமளவு குறைந்தால்தான் அடுத்த கட்டம். பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், மற்ற சிகிச்சைகள் பலன் தராமல், இந்தச் சோதனை ஊசியில் வலி குறைந்தவர்களுக்கு மட்டுமே இதைப் பரிசீலிக்கச் சொல்கிறது.

அப்படித் தேர்ந்தெடுத்தாலும் பலன் உறுதி என்று சொல்ல முடியாது. நெதர்லாந்தில் 681 பேரிடம் நடந்து, 2017-ல் வெளியான ஆய்வுகளில், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, அதோடு இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதம் சரியில்லை என்று வலி சிகிச்சை நிபுணர்கள் பலர் அதை விமர்சித்தார்கள். 2025-ல் பி.எம்.ஜே மருத்துவ இதழில் வெளியான வழிகாட்டுதலோ, நாள்பட்ட முதுகுவலிக்கு இதைச் செய்ய வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. ஆக, மருத்துவர்களிடையேகூட இதில் ஒருமித்த கருத்து இல்லை.

அதனால் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வலி ஃபேசட் மூட்டிலிருந்துதான் வருகிறதா? சோதனை ஊசி போடுவீர்களா? வலி திரும்பினால் மறுபடி எவ்வளவு செலவாகும்? அம்மா ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுத்தாலோ, பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குப் பிறகு சில நாள்கள் அந்த இடத்தில் வலி இருக்கலாம்.

வலி குறைந்தால், அந்த மாதங்களை நடைப்பயிற்சிக்கும் முதுகுத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் செலவழித்த பணம் வீண்தான்.

கால் பலவீனம், சிறுநீர், மலம் கழிப்பதில் பிரச்னை, காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றபடி அவசரமில்லை. சோதனை ஊசியின் முடிவு தெரியும்வரை வளையல்கள் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும்.