பிழையை அஞ்சாமல் சொல்லும் வார்டு வேண்டும்: செவிலியர் சங்கக் கோரிக்கை மனு

பெறுநர்: அரசுச் செயலர், சுகாதாரம் மற்றும் குடும்பநலத் துறை, புதுச்சேரி.

மதிப்பிற்குரிய ஐயா,

1823இல் பிரெஞ்சு ஆட்சி தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரும், இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையும் இருப்பதால் கடலூர், விழுப்புரம் மக்களும் இவ்வூரை நம்பி வருகிறார்கள். அந்த நம்பிக்கையை இரவு பகலாகக் காப்பவர்கள் செவிலியர்கள். அவர்களது பணி சிறப்பதும் சறுக்குவதும், தனித்திறமையைவிட மருத்துவமனை அவர்களை நடத்தும் விதத்தையே பொறுத்தது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அமெரிக்க மருத்துவமனைகளில் ஆய்வு செய்த ஏமி எட்மண்ட்சன், நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாவதை 1996இல் காட்டினார். அங்கே யாரும் பிழையை மறைக்கவில்லை என்பதே அவர் தந்த விளக்கம். எடுத்துக்காட்டாக, ஒரே நிற லேபிளுடன் இருவேறு மருந்து ஆம்பூல்கள் ஒரே தட்டில் இருக்கின்றன. இரவுப் பணியில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கை எடுத்துவிடுகிறது. சொன்னால் மெமோ வரும் என்று ஒருவர் வாய் மூடிக்கொண்டால் ஆம்பூல்கள் அதே தட்டில்தான் கிடக்கும். அடுத்த ஷிஃப்டில் இன்னொருவர் கை அதையே எடுக்கும். மெமோவால் நோயாளிக்கு ஒரு பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

தண்டனை இல்லாவிட்டால் ஒழுங்கு குலையும் என்பார்கள். பார்க்காத நாடித்துடிப்பைச் சார்ட்டில் எழுதுபவருக்கு நாங்கள் பரிந்து பேசவில்லை. பொய்யும் அலட்சியமும் வேறு, களைப்பில் நேரும் பிழை வேறு; இரண்டையும் ஒரே கோலால் அளக்க வேண்டாம் என்கிறோம்.

செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டக் கேட்டால் நிதி இல்லை என்ற பதிலும் வரும். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதாகப் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வு 2002இல் கண்டது. 2016இல் செவிலியர் விகிதத்தைச் சட்டமாக்கிய ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கூடுதல் செவிலியருக்கான செலவைப்போல் இரு மடங்குக்கு மேல் மிச்சமானது. நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினார்கள். மறுபடி சேர்க்கப்படுவதும் குறைந்தது.

ஆகவே, பொது வார்டுகளுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விகிதப்படி, அதாவது கல்வி மருத்துவமனைகளில் 3 நோயாளிக்கு ஒருவர், மற்றவற்றில் 5 பேருக்கு ஒருவர் என்று, 30 சதவீத விடுப்பு ஒதுக்கீட்டுடன் பணியிடங்களை நிரப்ப வேண்டும். பிழை அறிக்கைகளை ஆராயும் குழுவில் வார்டு செவிலியர்களுக்கும் இடம் தர வேண்டும். தாமாக முன்வந்து சொன்னவர்மீது அந்த அறிக்கையை வைத்து நடவடிக்கை கூடாது. இன்டென்ட் (பொருள் கோரும் சீட்டு) எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு அலையும் வேலையிலிருந்து செவிலியர்களை விடுவிக்க வேண்டும். இவை குறித்துப் பேச எங்கள் பிரதிநிதிகளுக்கு நாள் ஒதுக்கி, எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செவிலியர் சங்க நிர்வாகிகள், புதுச்சேரி.