ஒரு புள்ளியளவு லயம்

பூண்டுலோயா என்பது ஓர் ஓடையின் பெயர். சிங்களத்தில் 'ஓயா' என்றால் சிற்றாறு. அருகேயுள்ள டன்சினன் தோட்டத்தின் பெயரோ 'மெக்பெத்' நாடகத்தில் வரும் ஸ்கொட்லாந்துக் குன்றினுடையது. இவ்விரண்டும் தேசப்படத்தில் ஏறிவிட்டன. மேற்கணக்கு, பணியக்கணக்கு, பீலிக்கரை என்று தோட்டத் தமிழர் நாவில் வழங்குபவற்றை அச்சிட்ட படத்தில் தேடிக் காண்பது அரிது.

இது வெறும் பெயர்க்குறை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அளவுத்திட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் அதைவிடப் பெரிய குறை தெரிந்தது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படத்தில் 1 கிலோமீற்றர் 2 சென்ரிமீற்றராகச் சுருங்குகிறது. பத்துக் காம்பரா லயத்தின் நீளம் 30 மீற்றர் என்று கொண்டால், படத்தில் அது 0.6 மில்லிமீற்றர், பென்சில் முனை பதிக்கும் புள்ளி. சமவுயரக் கோடுகள் 20 மீற்றருக்கு ஒன்றாக வரையப்பட்டிருப்பின், லயத்தின் முதுகுப்புறம் நிற்கும் 10 மீற்றர் மண்மேடு இரு கோடுகளுக்கிடையே மறைந்துபோகலாம்.

கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு குறைவு, மேட்டை நோக்கிக் கூராக வளைந்தால் நீர்வழி. க.பொ.த. சாதாரண தரத்துப் புவியியல் மாணவன் இதை அறிவான். ஆனால், வினாத்தாளில் வருவது எங்கோ ஓர் ஊரின் படம். அவன் உறங்கும் மலையன்று.

2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போக வேறு நிலம் இல்லாதவர்க்கு எச்சரிக்கையால் என்ன பயன் என்று கேட்பது நியாயமே. அதனாற்றான், நிலம் கேட்போர் கையிலும் ஒரு படம் வேண்டுமென்கிறேன்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1:10,000 அளவிலும் மண்சரிவு அபாயப் படங்கள் வரைகிறது. அதிலும் அதே லயம் 3 மில்லிமீற்றர்தான். 1:1,000 அளவில் வரைந்தால் 3 சென்ரிமீற்றர் கிடைக்கும். அதற்குச் செய்மதி வேண்டியதில்லை. அளவு நாடா, திசையறிகருவி, சதுரக்கோட்டுத் தாள் போதும். (நாடா இல்லையேல், அளந்து முடிச்சிட்ட கயிறு.) தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் முதலில் வடக்கைக் குறிக்கட்டும். பின்னர் லயங்கள், கான்கள், மழைக்காலத்து ஊற்றுகள், நிலத்தில் கண்ட வெடிப்புகள் யாவற்றையும் ஊரார் வழங்கும் பெயரிலேயே எழுதட்டும். திகதி இடுதல் அவசியம். அடுத்த மாரியில் வெடிப்பு நீண்டதா என்று ஒப்பிட அதுவே ஆதாரம்.

ஒரு பிரதி தோட்ட அலுவலகத்துக்கு, ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு. மூன்றாவது, எல்லோரும் வந்துபோகும் மாரியம்மன் கோயில் சுவரில்.