காட்டுக்கறியின் பலம் யாருக்கு?



ஞாயிற்றுக்கிழமை காலை. லயத்துப் பக்கம் ஒரே பரபரப்பு. நேற்று ராத்திரி செம்பனைக் காட்டில் ஒரு பன்றி விழுந்துவிட்டதாம். பத்துப் பதினைந்து பேர் கூடிக் கூறு போடுகிறார்கள். "காட்டுப்பன்னி திங்கிறவனுக்கு டாக்டர் எதுக்குண்ணே? ஒரு நாள் தின்னா ஒரு வாரத்துக்கு ஒடம்பு கல்லு மாதிரி இருக்கும்" என்கிறார் ஒருவர். மற்றவர்கள் ஆமாம் போடுகிறார்கள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இது புதிதல்ல. பால்மரக் காலத்திலிருந்து வருகிற பழக்கம். பன்றி மட்டுமா? மான், சருகுமான், முள்ளம்பன்றி, உடும்பு, பெரிய வௌவால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் சொல்லி வைத்திருக்கிறோம். உடும்பு இடுப்புக்கு நல்லது, வௌவால் இழுப்புக்கு நல்லது என்று பெரியவர்கள் சொன்னதை அப்படியே நம்புகிறோம். இதில் எவ்வளவு உண்மை? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

கொழுப்பு நீக்கிய பச்சைக்கறி 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுப்பன்றியில் புரதச்சத்து சுமார் 21 கிராம், கொழுப்பு 3 கிராம். மான்கறியில் புரதம் சுமார் 23, கொழுப்பு 2 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஆட்டுக்கறியில், அதாவது வெள்ளாட்டில், புரதம் 20, கொழுப்பு 2 கிராம். தோல் உரித்த கோழி நெஞ்சுக்கறியில் புரதம் 22, கொழுப்பு 2 முதல் 3 கிராம்.

பார்த்தீர்களா? நாலும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. காட்டில் ஓடியது, லயத்தில் மேய்ந்தது என்பதற்காகப் புரதம் இரண்டு மடங்கு ஆகிவிடுவதில்லை.

காட்டுக்கறியிடம் உள்ள நல்லதையும் மறைக்கக் கூடாது. ஓடித் திரியும் மிருகத்துக்குக் கொழுப்பு குறைவு. கடையில் வாங்கும் பன்றியின் வயிற்றுப் பகுதியில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் கொழுப்புதான். அதோடு ஒப்பிட்டால் காட்டுப்பன்றி எவ்வளவோ மேல். மான்கறியில் இரும்புச்சத்தும் 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கோழி நெஞ்சுக்கறியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் கோழி ஈரலில் சுமார் 9 மில்லிகிராம்! மானைத் தேடிக் காட்டுக்குப் போகிறவர், கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரலைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இடுப்பு வலிக்கும் இழுப்புக்கும் உடும்பும் வௌவாலும் மருந்து என்பதற்கு மருத்துவ ஆதாரம் ஒன்றும் இல்லை. இழுப்புக்கு மருந்து அரசாங்கக் கிளினிக்கில் இருக்கிறது. வௌவாலை நம்பி அதை நிறுத்தியவன் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத்தான் போவான்.

சத்து ஒன்றுதான் என்றால், கூட வருவது என்ன என்று பார்க்க வேண்டாமா?

முதலில் எலி மருந்து. செம்பனையில் எலிக்கு மருந்து வைப்பது நமக்குத் தெரியாததா? வைப்பதே நம் கைதானே. அது இரத்தத்தை உறைய விடாமல் செய்யும் விஷம். மருந்து தின்ற எலியை உடும்பு தின்கிறது. மருந்துக் கட்டியையே பன்றியும் தின்னும். அந்த விஷம் மிருகத்தின் ஈரலில் தங்கும். அடுப்புச் சூட்டில் அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. காட்டு மிருகத்தின் ஈரலை யாரும் தொட வேண்டாம்.

இரண்டாவது ஈயக்குண்டு. குண்டு பட்ட இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஈயத்தூள் சுற்றியுள்ள சதையில் பரவுகிறது. புளிப்புச் சேர்த்தால் இன்னும் கரையும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வயிற்றில் இருக்கும் சிசுவையும் விடாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது.

மூன்றாவது பூச்சியும் கிருமியும். காட்டுப்பன்றியின் சதையில் கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் இருக்கலாம். உப்புக்கண்டம் போட்டாலும், புகையில் காயவைத்தாலும், ஐஸ் பெட்டியில் வைத்தாலும் எல்லாம் செத்துவிடும் என்று சொல்ல முடியாது. உள்ளே சிவப்பு தெரியாமல் நன்றாக வேகவேண்டும். தோல் உரிக்கிறவர் கையில் வெட்டுக்காயம் இருந்தால் இரத்தத்தோடு நோயும் உடம்பில் ஏறும்.

வௌவால் விஷயத்தில் நம் நாடு பட்டது போதாதா? 1998-லும் 1999-லும் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் நிப்பா காய்ச்சல் வந்தது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் தொற்றி, மலேசியாவில் 105 உயிர்களைக் கொண்டுபோனது. பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகள் அழிக்கப்பட்டன. அந்த வௌவாலைப் பிடித்து, அறுத்து, மருந்து என்று வாயில் போடலாமா?

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி காட்டுப்பன்றியைச் சுடுவதற்கும் உரிமம் வேண்டும். அழுங்கைத் தொடவே கூடாது. கம்பிச் சுருக்கு வைப்பதே குற்றம். 2022-இல் சட்டத்தைத் திருத்தி, சில குற்றங்களுக்குப் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் வைத்துவிட்டார்கள். ஒரு சட்டிக் கறிக்கு ஒரு குடும்பம் தெருவுக்கு வரலாமா?

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பன்றி விழுந்த அன்று கறி எங்கே போகிறது? நல்ல துண்டெல்லாம் மரத்தடிக்குப் போகிறது. அங்கே ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் போத்தல் நிற்கிறது. எண்ணெயும் உப்பும் தாராளமாகப் போட்ட பிரட்டல். அதில் பாதிப் பேருக்கு இரத்தக் கொதிப்பு, மீதிப் பேருக்கு இனிப்பு நீர். வீட்டுக்கு வருவது எலும்பும் குழம்பும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சோறு பிசைகிறவள் வீட்டுக்காரி.

உடம்பில் பலம் யாருக்கு வேண்டும்? மாதா மாதம் இரத்தம் இழக்கும் பெண்ணுக்கு. வயிற்றுப் பிள்ளையோடு உதிரிப்பழம் பொறுக்குகிறவளுக்கு. வளர்கிற பிள்ளைகளுக்கு. அவர்களுக்குக் காட்டுக்கறி கொடுங்கள் என்று சொல்ல வரவில்லை, ஈயமும் விஷமும் அவர்களைத்தான் முதலில் பிடிக்கும். அன்றாடச் சட்டியில் அவர்களுக்குப் பங்கு கொடுங்கள் என்கிறேன்.

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் பருப்பில் 22 கிராமுக்குக் குறையாது. நெத்திலியை எலும்போடு தின்றால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும், உப்புப் போக அலசினால் போதும். வாரம் ஒரு நாள் கோழி ஈரல் சமையுங்கள். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை அவர்கள் தவறாமல் விழுங்கட்டும். கீரைக்கும் பருப்புக்கும் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

"கறிமீன் விலைக்கு எங்க போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் அரிசி, எண்ணெய், பள்ளிச் செலவு போனால் மிச்சம் என்ன என்று நமக்குத் தெரியும். பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு போடுகிற அளவுக்குச் சம்பளம் கேட்பது நம் உரிமை. அதற்குச் சங்கம் போராட வேண்டும், நாமும் பின்னால் நிற்க வேண்டும். ஆனால் போத்தலுக்குப் போகிற காசை முட்டைக்குத் திருப்ப எந்த முதலாளியின் கையெழுத்தும் தேவையில்லை.

இன்று ராத்திரி சட்டியை இறக்கியதும், முதல் தட்டைப் பிள்ளைக்கும் இரண்டாவது தட்டை வீட்டுக்காரிக்கும் போடச் சொல்லுங்கள், அண்ணே. நமக்கு மிச்சம் இருக்கும்.