கோட்டையும் துடுப்பும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

அருங்காட்சியகம் என்பது அரசர்களும் ஆங்கிலேயர்களும் விட்டுச்சென்ற பொருள்களின் கிடங்கு. அங்கே நம் போன்றவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் நம்மிடையே பலர். அவர்களுக்கு ஒரு கடலோவியத்தைச் சான்றாகக் காட்ட விரும்புகிறேன்.

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர்களின் அச்சோவியங்கள் உள்ளன. புனித ஜார்ஜ் கோட்டையைத் தென்கிழக்கிலிருந்து காட்டும் அவர்களது படம் 1797-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொலைவிலே கோட்டை, முன்னே சீறியெழும் அலைகள், அவற்றின் நடுவே படகு. கோட்டையைக் காண மாங்காட்டிலிருந்து பேருந்தேறிச் சென்ற என் கண்கள் அந்த அலையிலேயே நின்றுவிட்டன.

அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில் நங்கூரமிடும். ஆளுநரானாலும் அரிசி மூட்டையானாலும் மசூலா படகில் ஏறித்தான் கரை சேரவேண்டும்! ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் தணிந்து உயரம் கூடும். பிறகு அது மடங்கி விழும். ஆணியடித்த படகு அந்த அடியில் பிளந்துபோகும். மசூலா படகின் பலகைகளோ தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அடி விழுந்தால் வளைந்து கொடுக்கும். நாம் ஆய்வுக்கூடத்தில் படிக்கும் மீட்சிப் பண்பை அந்தப் படகோட்டிகள் கையாலேயே அறிந்திருந்தார்கள்.

ஆனால், அவர்கள் பெயர் என்ன? கோட்டைக்குப் பெயருண்டு, ஓவியர்களுக்கும் பெயருண்டு. துடுப்புப் பிடித்தவர்களுக்கு இல்லை. என் தந்தை கொத்தனார். அவர் கட்டிய வீடுகளின் முகப்பில் உரிமையாளர் பெயர் பளிச்சிடும். கட்டியவர் பெயரை எவரும் பொறிப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளான எனக்கு, அந்தப் படம் இதைத்தான் நினைவூட்டியது.

இங்கிலாந்துச் செல்வர்கள் வாங்கி மகிழ வரைந்த படம் நமக்கெதற்கு என்று ஒதுக்குவது தவறு. கோட்டையின் பெருமையைக் காட்டப் புகுந்த ஓவியர்களும், அலையைத் தாண்டுவித்த கைகளை வரையாமல் விட முடியவில்லை. எழுத்தில் இடம்பெறாதவர்கள் ஓவியத்திலே நிற்கிறார்கள்.

நண்பர்களே! நீங்களும் சென்று பாருங்கள். படத்தின் கீழுள்ள பெயர்களைப் படித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பெயரில்லாத அந்த மனிதர்கள் முன் சற்று நேரம் நில்லுங்கள். நம் முன்னோர் வரலாற்றை நாம் படிக்கத் தொடங்கும் இடம் அதுவாகவும் இருக்கலாம்.